பிள்ளைக் கணக்கை யார் போடுவது?

பெற்றது போதும், நிறுத்து என்று நம் தாய்மார்களுக்கு எழுபது வருஷமாக உபதேசம் செய்தார்கள். ஊர்ச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்தார்கள். "நாம் இருவர், நமக்கு இருவர்" என்றார்கள். அப்புறம் இரண்டும் அதிகம், ஒன்றே போதும் என்றார்கள். இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு, ஜனங்கள் அதிகப் பிள்ளை பெறவேண்டும் என்றார். அதே மாதம் சென்னையில் ஒரு கல்யாண விழாவில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், பதினாறு பெற்றால்தான் என்ன என்ற தோரணையில் பேசினார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், கல்யாணமான தம்பதிகள் தாமதிக்காமல் பிள்ளை பெறவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

காரணம் என்ன? ஜனத்தொகைக் கணக்கைப் பார்த்துப் பார்லிமெண்ட் தொகுதிகளைப் பிரித்தால், பிறப்பைக் குறைத்த ராஜ்யங்களுக்கு இடம் குறையும். அதற்குப் பரிகாரமாம் இது. தமிழ்நாட்டின் பிரதிநிதித்துவம் குறையக்கூடாது என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அது டில்லியில் போராடி வாங்கவேண்டிய நியாயம். ஆனால் தொகுதிக் கணக்கைச் சரிக்கட்டக் கூலிக்காரியின் வயிற்றைக் கேட்பது என்ன நியாயம்? எண்ணிக்கை வேண்டாதபோது அறுத்துக்கொள், எண்ணிக்கை வேண்டும்போது பெற்றுத் தள்ளு என்றால், அவள் மனுஷியா, இல்லை பேரேட்டில் ஒரு வரியா?

இது புதிய கதை அல்ல. 1952ல் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தோடு இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைச் சர்க்கார் திட்டமாக்கிற்று. 1956ல் சென்னை சர்க்கார், ஆப்பரேஷன் செய்துகொள்ளும் ஏழைக்கு 30 ரூபாய் ரொக்கம் கொடுக்க ஆரம்பித்தது. ஏழைக்கு என்று குறிப்பிட்டே கொடுத்தார்கள். பங்களாவில் இருப்பவனுக்கு விளக்கம் சொன்னார்கள். குடிசையில் இருப்பவனுக்குப் பணத்தைக் காட்டினார்கள். பட்டினியில் இருப்பவனிடம் 30 ரூபாயை நீட்டிவிட்டு "சம்மதமா?" என்று கேட்டால், அதைச் சுதந்திரமான சம்மதம் என்று யார் சொல்வார்கள்?

இதில் எந்த நாட்டையும் விலக்கிப் பேச நாம் விரும்பவில்லை. சீனத்தில் 1980 முதல் 2015 வரை ஒரே பிள்ளை என்று கட்டுப்படுத்தினார்கள். 2021ல் மூன்று வரை பெறலாம் என்று திருப்பினார்கள். எந்தக் கொடி பறக்கும் தேசமாக இருந்தாலும், பெண்ணைக் கேட்காமல் பிள்ளைக் கணக்குப் போடும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் கிடையாது.

பிள்ளை குறைந்தால் வறுமை ஒழியும் என்று தொழிலாளிக்குப் போதிப்பது ஒரு பழைய பித்தலாட்டம். இங்கிலாந்தில் மால்தூஸ் பாதிரியார் 1798லேயே இதை ஆரம்பித்துவைத்தார். நிலமும் ஆலையும் யார் கையில் என்று கேட்காதே, உன் பாயைப் பார் என்பதுதான் அதன் சாரம். 1913ல் லெனின் இந்தப் போதனையைக் கண்டித்துப் 'பிராவ்தா'வில் எழுதினார். அதே கட்டுரையில், கருக்கலைப்புக்கு எதிரான சட்டங்களையும், கர்ப்பத்தடை பற்றிய மருத்துவ நூல்களைத் தடுக்கும் சட்டங்களையும் முழுவதும் ரத்து செய்யவேண்டும் என்றும் கோரினார். வறுமைக்குப் பிள்ளையைக் காரணம் காட்டுவதை எதிர்ப்பது ஒன்று. பிள்ளை வேண்டுமா, எப்போது, எத்தனை என்று முடிவு செய்யும் விஞ்ஞான அறிவு ஜனங்கள் கையில் இருக்கவேண்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பிடிக்கவேண்டும். நம் நாட்டில் பெரியார் ஈ.வெ.ரா. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்காக என்று பகிரங்கமாகப் பேசினார். தேசத்தின் ஜனத்தொகைக்காக அல்ல, அவளுடைய விடுதலைக்காக! இந்த வித்தியாசத்தை சர்க்கார்கள் இன்றுவரை உணரவில்லை.

கரையில் உழைக்கும் பெண்கள்

நம் ராமநாதபுரம் சீமையை எடுத்துக்கொள்வோம். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், தனுஷ்கோடி. இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று கடலை ஒட்டிக் கிடக்கும் கிராமங்கள். இங்கே பெண் வீட்டுக்குள் இருப்பதில்லை.

மாயாகுளத்திலும் சின்னப்பாலத்திலும் பாசி எடுக்கும் பெண்கள் கடலில் முங்குகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பாசியைப் பிய்க்கிறார்கள். அந்தப் பாசி எங்கோ ஆலைக்குப் போய் மிட்டாயிலும் மருந்திலும் கலக்கிறது. மணிக்கணக்கில் உப்புத் தண்ணீரில் நின்ற சேலையோடு, ஈரம் காயாமல் வீடு திரும்புகிறார்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் பெண்கள் கால் வெடித்து, கண் கூசி, உப்பு வாருகிறார்கள். முதுகுளத்தூர், கமுதி, கடலாடிப் பக்கம் சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்கள். முண்டு மிளகாய் பறித்துக் காயவைக்கும் கை எரிகிறது. நெல் விதைத்தவர்கள் கண்மாய்த் தண்ணீரையும் வானத்தையும் பார்த்து நிற்கிறார்கள். இத்தனைக்கும் மேல் தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கிக் குடிதண்ணீருக்கு அலைவதும் அவளே.

மாதவிலக்கு நாளில் அவள் என்ன செய்கிறாள்? துணி மாற்ற மறைவிடம் உண்டா? கழுவ நல்ல தண்ணீர் உண்டா? ஒதுங்க இடமில்லை என்பதால் விடியற்காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். அதனால் நீர்க்கடுப்பு வருகிறது. ஈரத்துணியால் அரிப்பும் புண்ணும் வருகின்றன. வெள்ளைப்படுதல் நாற்றத்தோடும் அரிப்போடும் இருந்தால் அது வியாதி. மருந்து உண்டு, குணமாகும். ஆனால் இதை யாரிடம் சொல்வாள்? புருஷனிடம் சொல்ல வெட்கம், மாமியாரிடம் சொல்லப் பயம், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி நஷ்டம். வியாதி உள்ளே முற்றுகிறது.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். ரத்தமில்லாத உடம்போடு கர்ப்பம், ரத்தமில்லாத உடம்போடு பிரசவம், அது ஆறுமுன் அடுத்த கர்ப்பம். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவே இரண்டு வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று மருத்துவம் சொல்கிறது. இந்த இரண்டு வருஷத்தைத் தாய்க்குக் கொடுப்பதற்கே கர்ப்பத்தடை முதலில் தேவை.

கத்தி ஏன் எப்போதும் அவளுக்கே?

இதே கணக்கெடுப்பு இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் சரிபாதிக்கு மேல் ஆப்பரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள்? நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! இந்தியா முழுவதிலும் பெண்கள் நூற்றுக்கு 38 பேர். ஆண்கள் ஆயிரத்துக்கு மூன்று பேர்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1971 ஜூலையில் கேரளத்தில் எர்ணாகுளம் முகாமில் ஒரே மாதத்தில் 60 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்கள் ஆப்பரேஷன் செய்துகொண்டார்கள். பிறகு எமர்ஜென்ஸி வந்தது. 1976-77ல் ஒரே வருஷத்தில் சுமார் 83 லட்சம் பேருக்கு ஆப்பரேஷன் நடந்தது. அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். வடநாட்டில் போலீசை விட்டுப் பிடித்தார்கள், சம்பளத்தை நிறுத்தினார்கள், ரேஷனை மறுத்தார்கள். ஜனங்கள் 1977 தேர்தலில் பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்த சர்க்காரும் ஆண்பிள்ளையைத் தொடத் துணியவில்லை. ஓட்டுப் பயம்! அந்தப் பாரத்தை அப்படியே தூக்கிப் பெண் தலையில் வைத்துவிட்டார்கள்.

விளைவு என்ன? 2014 நவம்பரில் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் பக்கத்தில் ஒரு முகாமில் ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆப்பரேஷன் செய்தார். அங்கே நடந்த முகாம்களில் 13 பெண்கள் மாண்டார்கள். எல்லோரும் ஏழைகள். 2016 செப்டம்பர் 14ந் தேதி சுப்ரீம் கோர்ட், இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருஷத்துக்குள் நிறுத்தவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எண்ணிக்கை இலக்கு வைத்து ஆள் பிடிப்பதை 1996லேயே கைவிட்டதாக மத்திய சர்க்கார் அறிவித்திருந்தும் இந்தக் கொடுமை நடந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

மகாராஷ்டிரத்தில் பீட் ஜில்லாவைப் பாருங்கள். அங்கே கரும்பு வெட்டப் போகும் பெண்களில் பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டவர்கள் என்பது 2019ல் வெளிவந்தது. மாதவிலக்கு என்று ஒருநாள் நின்றால் காண்டிராக்டர் அபராதம் பிடிப்பான். வயிற்றுவலி என்று போனால் பணத்தாசை பிடித்த ஆஸ்பத்திரிக்காரன் கர்ப்பப்பையை எடு என்பான். கூலி முறை பெண்ணின் உடம்புக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

ஆண் தோழர்களுக்கு

ஆண் ஆப்பரேஷனுக்கு ஏன் போவதில்லை என்று கேட்டால் வரும் பதில்கள் நமக்குத் தெரியும். "பலம் போய்விடும், வலை இழுக்க முடியாது, மண்வெட்டி பிடிக்க முடியாது, ஆண்மை போய்விடும்." இவற்றில் ஒன்றும் உண்மை அல்ல.

விஷயம் இதுதான். விந்தணு வரும் மெல்லிய குழாயை மட்டும் கட்டி வெட்டுகிறார்கள். இப்போது கத்தி போடாமல், சிறு துளை வழியாகவே செய்கிறார்கள். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, பத்து இருபது நிமிஷத்தில் முடித்து, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். விதை அப்படியே இருக்கிறது. ஆண்தன்மைக்கான சுரப்பு அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. மீசை, குரல், பலம், ஆசை எதுவும் குறையாது. இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பளு தூக்காமல் இருத்தல், அவ்வளவே. ஒன்றை மறக்கக்கூடாது: ஆப்பரேஷன் ஆனவுடனே பலன் வராது. மூன்று மாதம் வரை வேறு தடை உபயோகித்து, விந்துவைப் பரிசோதித்துச் சுத்தம் என்று தெரிந்தபிறகே நம்பலாம். இது தெரியாமல் கர்ப்பம் தங்கிவிட்டு, மனைவியைச் சந்தேகப்பட்டு அடித்துக் குடும்பத்தைக் கெடுத்தவர்கள் உண்டு.

பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்கவேண்டும். ஆபத்தும் அதிகம், ஓய்வும் அதிகம் தேவை. மூன்று பிரசவ வேதனையை அவள் பட்டபிறகு, கத்தியையும் அவளே வாங்கிக்கொள்ளட்டும் என்று நினைப்பது ஆண்மை அல்ல. ஆலையில் சமத்துவம் கேட்கும் தொழிலாளி வீட்டில் மிராசுதாராக இருக்க முடியாது.

கையில் இருக்கும் வழிகள்

ஆப்பரேஷன் ஒன்றே வழி என்று நம்பவைத்திருக்கிறார்கள். அது பொய். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஜில்லா ஆஸ்பத்திரியிலும் இலவசமாகக் கிடைக்கவேண்டிய வழிகளை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ளவேண்டும்.

நிரோத்: கர்ப்பத்தையும் தடுக்கும், மேகநோயையும் எய்ட்ஸையும் தடுக்கும். இரண்டையும் செய்வது இது ஒன்றே. வெளியூர்த் துறைமுகம், ஆலை, வெளிநாடு என்று போய்வருகிறவர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டும். சந்தேகமிருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் ரத்தத்தை இலவசமாக, ரகசியமாகப் பரிசோதிக்கலாம்.

காப்பர்-டி: கர்ப்பப்பைக்குள் வைக்கும் சிறு கருவி. ஒருவகை ஐந்து வருஷம், ஒருவகை பத்து வருஷம் பயன்படும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம், மறுபடி பிள்ளை பெறலாம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளும் வைக்கலாம். ஆனால் தாயைக் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான். பிரசவ வலியில் கிடப்பவளைக் கேட்காமல் வைப்பது அக்கிரமம்.

மாலா-என்: தினம் ஒரு மாத்திரை. ரத்த அழுத்தம் உள்ளவர்களும், கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் சாப்பிடக்கூடாது.

சாயா: லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு மாத்திரை, அப்புறம் வாரத்துக்கு ஒன்று.

அந்தரா: மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. 2017 முதல் சர்க்கார் கொடுக்கிறது. மாதவிலக்கு தவறலாம், ஊசியை நிறுத்தியபிறகு கர்ப்பம் தரிக்கச் சில மாதம் பிடிக்கலாம். இதைச் சொல்லியே போடவேண்டும்.

அவசர மாத்திரை: தடை தவறிவிட்டாலோ, பலாத்காரம் நடந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் சாப்பிடவேண்டியது. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. இது கருக்கலைப்பு அல்ல. தினசரி உபயோகத்துக்கும் அல்ல.

கர்ப்பம் தங்கிவிட்டது, வேண்டாம் என்றால்? மருத்துவச்சியிடம் குச்சி வைத்துக்கொள்வதும், பப்பாளிக்காயும் எள்ளும் தின்று காத்திருப்பதும், கடையில் மாத்திரை வாங்கித் தானே விழுங்குவதும் உயிருக்கு ஆபத்து. 1971ல் வந்த சட்டப்படி, டாக்டர் கையால் கருக்கலைப்புச் செய்துகொள்ளலாம். 2021ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் அபிப்பிராயம் போதும். பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் போன்ற சிலருக்கு 24 வாரம் வரை உண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29ந் தேதி சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிற்று. வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே தேவை. புருஷன் கையெழுத்து இல்லாமல் செய்யமாட்டோம் என்று எந்த ஆஸ்பத்திரியாவது சொன்னால், சட்டத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆலையில் நடப்பது

நம் கிராமத்துப் பெண்கள் திருப்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் பஞ்சாலை, தையலாலை வேலைக்குப் போகிறார்கள். அங்கே கதை என்ன? 2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் நிருபர்கள் ஒரு விஷயத்தை அம்பலப்படுத்தினார்கள். தமிழ்நாட்டுத் தையலாலைகளில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களிடம் அவர்கள் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னால், விடுப்போ ஓய்வோ கிடையாது. சூபர்வைசர் கையால் ஒரு மாத்திரை! பெயர் இல்லை, காலாவதித் தேதி இல்லை. பல பெண்கள் வருஷக்கணக்கில் அதை விழுங்கி, உடம்பு கெட்டுப்போனதாகச் சொன்னார்கள். மெஷின் நிற்காமலிருக்க மெஷினுக்கு எண்ணெய், பெண்ணுக்கு மாத்திரை!

விடுதிக்குள் அடைத்து வைப்பதும், மேஸ்திரியின் வக்கிரப் பேச்சும், தொடுதலும் சேர்ந்ததுதான் ஆலை வாழ்க்கை. 2021 ஜனவரியில் திண்டுக்கல் ஜில்லாவில் ஓர் இளம் ஆலைப் பெண் கொல்லப்பட்டாள். பெண் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு போராடியதன் பலனாக, 2022 ஏப்ரலில் ஆலையில் பாலியல் கொடுமையைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. சங்கம் இல்லாமல் இந்த ஒப்பந்தம் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் கமிட்டி இருக்கவேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது. வயலிலும் உப்பளத்திலும் வேலை செய்பவர்களுக்கு ஜில்லாக் கமிட்டி உண்டு. அந்தக் கமிட்டியில் யார் யார் என்று கேளுங்கள்.

சட்டம் கொடுத்த சில உரிமைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவ விடுப்பு 2017ல் 26 வாரமாயிற்று. கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. ஈ.எஸ்.ஐ. தொழிலாளி ஆப்பரேஷன் செய்துகொண்டால், ஆணுக்கு ஏழு நாள், பெண்ணுக்குப் பதினான்கு நாள் முழுச் சம்பளம் உண்டு. இந்தச் சலுகை இருக்கிறது என்று எந்த மானேஜர் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்?

இங்கே இன்னொரு வேடிக்கை. 26 வாரம் முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான்; மூன்றாவதற்கு 12 வாரம். ஏழைத் தாய்மார்களுக்கான முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 2018ல் 18,000 ரூபாயாயிற்று. அதையும் இரண்டு பிரசவத்துக்கே என்று வைத்தார்கள். பதினாறு பெறச் சொல்லும் வாய்க்கும், இரண்டோடு நிறுத்தும் கைக்கும் சம்பந்தமே இல்லை!

மனப்பாரமும் ஏமாற்று மருந்தும்

உடம்பின் கதை இப்படி என்றால் மனத்தின் கதை என்ன? புருஷன் கடலுக்குப் போனால் திரும்பி வரும்வரை மனைவிக்குத் தூக்கமில்லை. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டால் படகும் போய், ஆளும் ஜெயிலில். கடன்காரன் வாசலில். மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பு எரிய வழியில்லை. ஆலையில் இரவு ஷிப்டு. வயலில் மழை இல்லை. இந்தப் பாரம் ஆணைச் சாராயக் கடைக்குத் தள்ளுகிறது. அவன் கை வீட்டில் பெண் மேல் விழுகிறது. தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு, உடல் உறவில் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, செத்துவிடலாமா என்ற எண்ணம் - இவையெல்லாம் பாரத்தால் வரும் வியாதிகள். பேயும் அல்ல, பாவமும் அல்ல.

இந்தப் பயத்தில் சம்பாதிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. பஸ் நிலையத்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி, மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு, "இளமையில் செய்த தவறு, நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு" என்று வாலிபர்களை மிரட்டி, ஆயிரக்கணக்கில் லேகியம் விற்கிறார்கள். கைப்பழக்கத்தால் நரம்பு தளராது. தூக்கத்தில் விந்து வெளியாவது வியாதி அல்ல. வயது வந்ததன் அடையாளம். களைப்பும் கவலையும் குடியும் சர்க்கரை வியாதியும் உறவைப் பாதிக்கலாம். அதற்கு டாக்டர் உண்டு. உழைத்த காசை லாட்ஜ் ரூமில் கொட்டாதீர்கள்.

மனவியாதியை மறைத்தால் என்ன ஆகும் என்பதை நம் ஜில்லாவே பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ந் தேதி விடியற்காலை ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 பேர் மாண்டார்கள். தர்காவுக்கு வரும் நம்பிக்கையை நாம் குறை சொல்லவில்லை. பிரார்த்தனை செய்யட்டும், மருந்தும் சாப்பிடட்டும். ஆனால் சங்கிலி? 2017ல் வந்த மனநலச் சட்டம் அதைத் தடை செய்துவிட்டது. 2022 முதல் 14416 என்ற இலவசப் போனில் மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. உடல்நலச் சந்தேகத்துக்கு 104. வீட்டில் அடி உதை என்றால் பெண்கள் 181.

ஆலோசனை வேண்டும், அது மட்டும் போதாது. கடனும் கூலிக் குறைவும் தரும் பாரத்தை "மனத்தை அமைதியாக வைத்துக்கொள்" என்று சொல்லிப் போக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் மனம் விட்டுப் பேசுவதும், சங்கத்தில் சேர்ந்து நிற்பதும் அந்தப் பாரத்தில் பாதியை இறக்கும். மீதிப் பாதியை இறக்கக் கூலியும் வேலை உத்தரவாதமும் வேண்டும்.

நாம் கோருவது

1. தீவிலும் கரையிலும் உள்ள ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெண் டாக்டர் வேண்டும். ராமநாதபுரத்தில் 2022ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்கிருந்து ராமேஸ்வரம், ஏர்வாடி, சாயல்குடிக்கு வாரம் ஒருநாள் பெண்கள் வைத்தியக் குழு வரட்டும். பாசி எடுக்காத நாள் பார்த்து, மாலை நேரத்தில் வரட்டும்.

2. கர்ப்பத்தடை வழிகள் அத்தனையும் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும். எல்லா வழிகளையும் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கியபிறகே எதையும் செய்யவேண்டும். ஆள் பிடிக்கும் இலக்கு எந்த உருவிலும் கூடாது. பிள்ளை பெறச் சொல்லும் இலக்கும் கூடாது.

3. ஆண் ஆப்பரேஷன் பற்றிச் சரியான விளக்கத்தைப் படகுத் துறையிலும் ஆலை வாசலிலும் சர்க்கார் டாக்டர்களே வந்து சொல்லவேண்டும்.

4. உப்பளம், பாசிக் கரை, ஆலை எங்கும் பெண்களுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பிடம், துணி மாற்ற மறைவிடம், ஓய்வறை வேண்டும். பெயரில்லாத மாத்திரை கொடுக்கும் நிர்வாகத்தின் மேல் வழக்குப் போடவேண்டும்.

5. விவசாயத் தொழிலாளி, பாசி எடுப்பவர், உப்பளத் தொழிலாளி ஆகியோருக்கும் பிரசவம், கருச்சிதைவு, ஆப்பரேஷன் காலத்தில் கூலி இழப்பை சர்க்கார் ஈடுகட்டவேண்டும். எத்தனையாவது பிள்ளை என்ற கேள்வி கூடாது.

6. பள்ளிக்கூடத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் உடம்பைப் பற்றிய விஞ்ஞானப் பாடம் சொல்லிக்கொடுக்கவேண்டும். சொல்லாவிட்டால் லாட்ஜ் வைத்தியன் சொல்லிக்கொடுப்பான்.

தோழர்களே! தாய்மார்களே! கூலியைப் பற்றிப் பேச வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. எஜமான் எதிரில் உட்காரப் பயந்த காலமும் இருந்தது. இரண்டையும் தாண்டி வந்தவர்கள் நாம். சொந்த உடம்பைப் பற்றிப் பேசும் வெட்கத்தையும் தாண்டுவோம். சங்கக் கிளை ஒவ்வொன்றிலும் பெண் தோழர்கள் தலைமையில் இது விவாதத்துக்கு வரட்டும். கிராம நர்ஸைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சுகாதார நிலையத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று எழுதி ஜில்லாக் கலெக்டருக்கு மகஜர் கொடுங்கள். பதில் வராவிட்டால் திரண்டு போய்க் கேளுங்கள்.

ஒரு பிள்ளையா, மூன்றா, ஒன்றுமே வேண்டாமா என்பதை டில்லியும் சொல்லவேண்டாம், சென்னையும் சொல்லவேண்டாம், மாமியாரும் சொல்லவேண்டாம். பெறுகிறவள் சொல்லட்டும். அவள் பயமில்லாமல் சொல்வதற்கு வேண்டிய கூலியும், ஆஸ்பத்திரியும், அறிவும் கிடைக்கச் செய்வதே சர்க்காரின் வேலை. அதைச் செய்யவைப்பது நம் வேலை.